சுழலும் மரத்தின் சத்தம்

கால் உடைந்த முக்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டுதான் நான் முதன்முதலாக அந்தப் பட்டறைக்குப் போனேன். கோவில்பட்டியில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், பல வருடங்களாக மூடிக் கிடந்த, தீப்பெட்டி ஆபீஸ் என்று நாங்கள் சொல்லும் தொழிற்சாலை ஒன்றை வெள்ளையடித்துத் திறந்திருந்தார்கள். மரவேலை பழக ஆசைப்படுகிறவர்கள் யார் வேண்டுமானாலும் வரலாம், அங்குள்ள கருவிகளை எல்லோரும் பயன்படுத்தலாம் என்று ஏற்பாடு. நான் வேலை பார்க்கும் ஜவுளிக்கடையில், சேலைப் பிரிவில் என்னோடு நிற்கிற பெண்தான் சொன்னாள். முக்காலிக்கு ஒரு கால் செய்து வாங்கி வந்துவிடலாம் என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பு இல்லை.

உள்ளே போனதும் இரண்டு வாசனைகள் வந்தன. சுவரில் இன்னும் ஊறிக் கிடந்த தீக்குச்சி மருந்தின் வாடை ஒன்று. அதற்கு மேல், அப்போதுதான் அறுத்த வேப்பமரத்தின் கசந்த பச்சை வாசனை. உயரமான கூரையில் அங்கங்கே பதித்திருந்த கண்ணாடி வழியாக வெயில் தூண் தூணாக இறங்கியது. அந்தத் தூண்களுக்குள் மரத்தூள் அவசரமே இல்லாமல் மிதந்துகொண்டிருந்தது. நான் முக்காலியைக் கையில் வைத்துக்கொண்டு, எதற்கு வந்தோம் என்பதை மறந்து கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன்.

பட்டறையைப் பார்த்துக்கொள்கிறவள் முப்பது வயதுப் பெண். இன்ஜினியரிங் படித்து, கோயம்புத்தூரில் ஒரு பம்புக் கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு, இனி ஊரோடு இருக்கலாம் என்று திரும்பி வந்தவள். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டிருந்தாள். முக்காலியைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, "ஒரு கால்தானக்கா போயிருக்கு. நீங்களே கடைஞ்சிருங்களேன்" என்றாள்.

"நானா? எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா."

"இங்கன வாரவங்க யாருக்குத்தான் தெரியும்? இந்த ஏப்ரனைக் கட்டிக்கிடுங்க. முந்தானை வெளிய தொங்கப்படாது."

மரம் கடைகிற இயந்திரத்தை அங்கே எல்லோரும் லேத் என்றுதான் சொல்கிறார்கள். சதுரக் கட்டை ஒன்றை அதன் இரண்டு முனைகளுக்கும் நடுவே கவ்வக் கொடுத்து, அவள் சுவிட்சைப் போட்டாள். கட்டை சுற்ற ஆரம்பித்ததும் அதன் மூலைகள் காணாமல் போயின. மூலைகள் இருந்த இடத்தில் பனி மாதிரி ஒரு மங்கல் மட்டும் நின்றது. பனிக்கு உள்ளே, இன்னும் செதுக்கப்படாத உருளை ஒன்று நிழலாகத் தெரிந்தது. மரம் என்னவாக இருக்கிறதோ அதுவும், என்னவாகப் போகிறதோ அதுவும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில். அவள் உளியைச் சாய்த்து வைத்ததும் பனி கலைந்து, சுருள் சுருளாகக் கீழே உதிர்ந்தது.

அன்று நான் கால் செய்யவில்லை. நல்ல கட்டையொன்றைக் கெடுத்ததுதான் மிச்சம். ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் போனேன்.

என் வேலையைப் பற்றிச் சொன்னால்தான் இந்த ஆசை புரியும். நாள் முழுக்கச் சேலைகளை விரித்துக் காட்டுவேன். வந்தவர்கள் போனதும் மடித்து வைப்பேன். இடைசெவல் பக்கமிருந்து கல்யாணத்துக்கு ஜவுளி எடுக்கக் குடும்பத்தோடு வந்து உட்கார்ந்தால், என் முன்னால் பட்டு மலையாகக் குவியும். சாயங்காலம் எல்லாம் அலமாரிக்குள் போய்விடும். காலையில் பார்த்த மாதிரியே கடை இருக்கும். நான் அங்கே இருந்ததற்கு ஒரு தடமும் இருக்காது. பட்டறையில் ஒரு மணி நேரம் நின்றால் காலடியில் மரச்சீவல் குவிந்துவிடும். அதைப் பெருக்கி அள்ளுவதுகூட எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

வீட்டில் என் கணவர் இருந்தார். லாரி டிரைவர். தீப்பெட்டி பண்டல் ஏற்றிக்கொண்டு குஜராத் வரைக்கும் போய் வந்துகொண்டிருந்தவர். கண்ணின் ஓரப் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கிக்கொண்டே வந்தது. மதுரையில் காட்டினோம். உள்ளே இருக்கிற திரை தேய்ந்துகொண்டு வருகிறது, போன பார்வை திரும்பாது, இருக்கிறது எவ்வளவு காலத்துக்கு நிற்கும் என்றும் சொல்ல முடியாது என்று டாக்டர் சொன்னார். நேரே ஒரு சின்ன வட்டம் மட்டும் தெரியும். "குழாய்க்குள்ள கண்ணை வச்சுப் பாக்க மாதிரி இருக்குட்டி" என்பார். வெயில் சாய்ந்துவிட்டால் அந்த வட்டமும் போய்விடும். யாரும் சொல்வதற்கு முன்னால் அவராகவே ஒருநாள் வண்டிச் சாவியைக் கொண்டுபோய் முதலாளியிடம் கொடுத்துவிட்டு வந்தார். அதற்குப் பிறகு வாசல் படியில் உட்கார்ந்து, ரோட்டில் போகிற வண்டிகளைக் கேட்டுக்கொண்டிருப்பார். பார்த்துக்கொண்டிருப்பார் என்று என்னால் எழுத முடியவில்லை.

பட்டறைக்குப் போவதை அவர் தடுக்கவில்லை. "போயிட்டு வா" என்பார். திரும்பி வந்தால், "என்ன மரம் இன்னைக்கு?" என்பார். நான் சொல்வதற்கு முன்பே என் சேலையை முகர்ந்து, "வேம்பு" என்பார். சில நாள் "பூவரசு" என்று தவறாகச் சொல்வார். அது புளியாக இருக்கும்.

பங்குனி மாதத்து ஞாயிறு ஒன்றில் எங்கள் தெருவில் மின்சாரம் இல்லை. வீடு அடுப்பு மாதிரி கிடந்தது. "நானும் வாரேன். அங்கனயாவது காத்தாடி ஓடும்லா" என்று சட்டையை மாட்டிக்கொண்டார். என் தோளைப் பிடித்தபடி பின்னால் நடந்து வந்தார். பட்டறையில் ஒரு பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, நான் என் வேலையைத் தொடங்கினேன்.

அப்போது நான் ஒரு கிண்ணத்தின் உட்புறத்தைக் குடைந்துகொண்டிருந்தேன். பச்சை வேம்பு. உள்பக்கம் குடைவதுதான் கடினம். உளி எங்கே தொடுகிறது என்று சரியாகத் தெரியாது. கொஞ்சம் அசந்தால் முனை மரத்துக்குள் குத்திக் கொள்ளும். நான் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டு உளியை நகர்த்தினேன்.

"ஏட்டி, நிறுத்து" என்றார் பெஞ்சிலிருந்து.

நான் பதறிப்போய்ச் சுவிட்சை அணைத்தேன். "என்ன செய்யுது உங்களுக்கு?"

"எனக்கு ஒண்ணும் இல்ல. சத்தம் மாறிட்டு. இம்புட்டு நேரம் தொண்டையில பேசிட்டிருந்துச்சு. இப்ப மூக்கால பேசுது."

பட்டறைப் பெண் வந்து கிண்ணத்துக்குள் விரலை விட்டுத் தடவினாள். கிண்ணத்தின் சுவர் ஓரிடத்தில் மெலிந்துவிட்டிருந்தது. இன்னும் ஒரு சீவல் எடுத்திருந்தால் ஓட்டை விழுந்திருக்கும்.

"சரியாத்தான் சொல்லுதீங்க அண்ணாச்சி" என்றாள் அவள். "சுவர் மெலிஞ்சா சத்தம் ஏறும். நானும் அதைக் கேட்டுத்தான் கடையுதேன். ஆனா பேச்சுச் சத்தத்துக்கு நடுவுல, அங்கன உக்காந்துக்கிட்டு எனக்குக் கேட்டிருக்காது."

"இஞ்சின் சத்தம் கேட்டே வயசு போச்சும்மா" என்றார் அவர். வெகுநாளைக்குப் பிறகு அவர் முகத்தில் ஒரு கூச்சம் கலந்த சிரிப்பைப் பார்த்தேன்.

அதிலிருந்து ஞாயிறுதோறும் இருவரும் போனோம். நான் கடைவேன். அவர் பக்கத்தில் நின்று கேட்பார். "இன்னும் இருக்கு, போலாம்." "இங்கன மெதுவா." "இது என்ன, கணுவா? தட்டுது பாரு." அவர் பேச்சும் மரத்தின் பேச்சும் கலந்து, நான் எங்கேயோ நீருக்குள் இருக்கிற மாதிரி எனக்குத் தோன்றும். வெயில் தூண்கள் ஒரு சுவரிலிருந்து அடுத்த சுவருக்கு நகர்ந்துவிடும். வெளியே ரயில் போகும் சத்தம் கேட்டால்தான் சாயங்காலமாகிவிட்டது தெரியும்.

அந்தக் கோடையில் நான் கடைந்த கிண்ணங்கள் பாதி வெடித்தன. பச்சை மரத்தைக் கடைந்து அப்படியே வைத்தால், எங்கள் ஊர்க் காற்று அதன் ஈரத்தை ஒரே மூச்சில் உறிஞ்சிவிடும். ராத்திரி படுக்கும்போது முழுசாக இருந்த கிண்ணம் காலையில் வாய் பிளந்து கிடக்கும். பசுவந்தனைக்கு ஒரு துக்க வீட்டுக்குப் போயிருந்தபோது, கரிசல் காடு முழுக்க அதே மாதிரி பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. பட்டறைப் பெண்தான் வழி சொன்னாள். கடைந்த கிண்ணத்தைச் சீவலோடு சேர்த்துச் சாக்குக்குள் போட்டுக் கட்டி, இருட்டான மூலையில் வைத்து, மெல்ல மெல்ல உலரவிட வேண்டும். எங்கள் வீட்டு அரிசிப் பானைக்குப் பக்கத்தில் அப்படி ஒரு சாக்கு எப்போதும் இருந்தது.

ஆடிக் காற்று வீச ஆரம்பித்த ஒரு ஞாயிறில், அவர் திடீரென்று கேட்டார். "ஏம்மா, நான் ஒருக்க உளியைப் பிடிச்சுப் பாக்கட்டா?"

பட்டறைப் பெண் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். எனக்குப் பயமாக இருந்தது. வேண்டாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை.

"வெளிச்சம் இருக்கும்போது மட்டும்" என்றாள் கடைசியில். "நான் பக்கத்துல நிப்பேன். மெஷின் நின்னாத்தான் கையை மரத்துகிட்ட கொண்டு போகணும். இதுக்குச் சம்மதமா அண்ணாச்சி?"

"சம்மதம்."

இயந்திரம் ஓடாமல் இருக்கும்போதே அவர் எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தார். சுவிட்ச் எங்கே, உளியைச் சாய்க்கிற இரும்புத் தாங்கி எங்கே, மரத்துக்கும் தாங்கிக்கும் எவ்வளவு இடைவெளி. புது லாரியில் ஏறி உட்கார்ந்ததும் கியரையும் பிரேக்கையும் தடவிப் பழகுகிற மாதிரி இருந்தது. முகத்துக்குக் கவசம் மாட்டினாள். வேகத்தைக் குறைத்து வைத்தாள். "உளியை அழுத்தாதீங்க. அது பாட்டுக்குச் சாஞ்சு கெடக்கட்டும். மரமே வந்து சீவிக்கிடும்."

சுவிட்சைப் போட்டார். உளி மரத்தைத் தொட்டதும் முதலில் டக் டக் என்று அடித்தது. பிறகு அந்த அடி மெல்ல மெல்ல ஒரே இழையாக மாறியது. ஈரச் சீவல் ஒன்று நீளமாகக் கிளம்பி அவர் முன்கையில் விழுந்து, அங்கேயே சுருண்டு கிடந்தது. அடுத்தது வந்தது. அதற்கும் அடுத்தது. அவர் கண்களை மூடிவிட்டார். கவசத்துக்குள் அவர் உதடுகள் ஏதோ முணுமுணுத்தன. பாட்டா, வேண்டுதலா, தெரியவில்லை. நான் கேட்கவும் இல்லை.

சில வாரங்களில் அவர் என்னைவிட நன்றாகக் குடைந்தார் என்று சொன்னால் அது பொய். அவர் கிண்ணங்கள் தடித்தவை, அடி கனத்தவை, நாய்க்குச் சோறு வைக்கிற சட்டி மாதிரி இருக்கும். ஆனால் ஞாயிற்றுக்கிழமைக்காக அவர் காத்திருந்தார். சனிக்கிழமையே சட்டையைத் துவைத்துக் காயப்போட்டார்.

பிறகு ஒரு விபத்து நடந்தது. கிண்ணத்தைக் கொஞ்சம் மெல்லிசாகச் செய்து பார்க்க ஆசைப்பட்டார். குடைந்துகொண்டிருக்கும்போதே உளி குத்திக்கொண்டது. வெடி போட்ட மாதிரி ஒரு சத்தம். கிண்ணம் இரண்டாகப் பிளந்து, ஒரு துண்டு கூரைத் தகட்டில் மோதி விழுந்தது. இன்னொன்று அவர் கவசத்தில் உரசிக்கொண்டு போனது. அந்தப் பெண் பாய்ந்து இயந்திரத்தை அணைத்தாள். யாருக்கும் அடியில்லை. ஆனால் அவர் உளியைப் பிடித்தபடியே நின்றார். உளியை நான்தான் மெல்ல விடுவித்து வாங்கினேன்.

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது, "கண்ணு இல்லாதவனுக்கு இந்த வேலை எதுக்கு?" என்றார்.

அடுத்த ஞாயிறு நான் மட்டும் போனேன். அதற்கடுத்ததும் அப்படியே. பட்டறைப் பெண் ஒவ்வொரு தடவையும் வாசலைப் பார்ப்பாள். "அண்ணாச்சி வரலியாக்கா?" என்பாள். நான் இல்லை என்று தலையை ஆட்டுவேன். ஒருநாள் அவள் பக்கத்தில் நிற்கும்போது, நானும் கண்ணை மூடிக்கொண்டு கடைந்து பார்க்க வேண்டும் என்று கேட்டேன். கவசத்தைச் சரிபார்த்துவிட்டுச் சம்மதித்தாள்.

கண்ணை மூடியதும் அந்த இடமே பெரிதாகிவிட்டது. மரத்தின் சத்தம் என் முழங்கை வழியாக ஏறித் தோளுக்கு வந்தது. ஓரிடத்தில் மென்மையாக ஓடியது. ஓரிடத்தில் மணலில் சக்கரம் ஏறுகிற மாதிரி கரகரத்தது. எவ்வளவு ஆழத்தில் இருக்கிறேன் என்று தெரியவில்லை. ஆனால் இருட்டில் ஒரு கிணற்றின் சுவரைச் சுற்றிச் சுற்றித் தடவிக்கொண்டு இறங்குவதுபோல இருந்தது, பயமில்லாமல். கண்ணைத் திறந்தபோது எதிரே கோணல்மாணலாக ஒரு குழி. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

அன்று கிளம்பும்போது அந்தப் பெண் ஒரு துணிப்பையை நீட்டினாள். உள்ளே அவருடைய உடைந்த கிண்ணத்தின் இரண்டு துண்டுகள். "குப்பையில போட மனசு வரலக்கா. அவிய கிட்டயே குடுத்துருங்க."

வீட்டில் அந்தத் துண்டுகளை அவர் மடியில் வைத்தேன். திட்டுவாரோ என்று நினைத்தேன். அவர் ஒன்றை எடுத்து, கட்டைவிரலை உள்ளேயும் ஆள்காட்டி விரலை வெளியேயும் வைத்து, விளிம்பிலிருந்து அடிவரைக்கும் இழுத்தார். மறுபடியும் இழுத்தார். இன்னொரு துண்டை எடுத்து அதையே செய்தார். நான் அடுப்படிக்குப் போய், கஞ்சியை இறக்கிவிட்டுத் திரும்பி வந்தபோதும் தடவிக்கொண்டேயிருந்தார்.

"ஏட்டி, இங்கன வா. இந்த இடத்தைத் தொட்டுப் பாரு."

தொட்டேன். விளிம்பு சரியாக இருந்தது. அதற்கு இரண்டு விரல்கடை கீழே சுவர் தாள் மாதிரி மெலிந்து, அடியில் மறுபடியும் தடித்திருந்தது.

"உளியோட பிடியைத் தூக்கிட்டேன். இங்கன வரும்போது கை அசந்துபோய் மேல ஏறிட்டு. முனை கீழ இறங்கிக் குத்திட்டு." பிறகு மிக மெதுவாகச் சொன்னார். "கண்ணு இல்லட்டி. கைதான் தப்பு பண்ணியிருக்கு."

அதை அவர் சொன்ன விதத்தை என்னால் எழுத முடிந்தால் நன்றாக இருக்கும். தப்பைக் கண்டுபிடித்தவரின் குரல் இல்லை அது. ஏதோ பெரிய வழக்கிலிருந்து விடுதலையான ஆளின் குரல். கண்ணை ஒன்றும் செய்ய முடியாது. கையைத் திருத்திக்கொள்ளலாம். அவ்வளவுதான் விஷயம். ஆனால் அந்த வித்தியாசத்துக்குள் ஓர் ஆள் எழுந்து நிற்கிற அளவுக்கு இடம் இருந்தது. அன்றைக்குக் கஞ்சி இரண்டு தடவை வாங்கிக் குடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு முன்னால் கிளம்பி நின்றார். பட்டறையில் போய், "நூறு தடவை நிறுத்தி நிறுத்தித் தொட்டுப் பாத்துக்கிடுதேன்மா. கோவிச்சுக்கிடாத" என்றார்.

"எனக்கென்ன கோவம்? கரண்டுக்கு லாபம்" என்றாள் அவள்.

அதன்படியே செய்தார். நாலு சீவல் எடுப்பார். சுவிட்சை அணைப்பார். மரம் நின்றதும் விரல்களால் சுவரை அளப்பார். உளிப் பிடியை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டு, கையால் தள்ளாமல் உடம்பையே சாய்த்துத் தள்ளுவதற்குப் பழகினார். மற்றவர்கள் ஒரு நாளில் முடிப்பதை அவர் ஒரு மாதம் வைத்துச் செய்தார். நடுவில் கிண்ணம் சீவல் சாக்குக்குள்ளேயே இருக்கும். ஐப்பசி மழை கூரைத் தகட்டில் கொட்டிக்கொண்டிருந்தபோது, சத்தம் கேட்கவில்லை என்று உளியைக் கீழே வைத்துவிட்டு, மழை நிற்கும்வரை கிண்ணத்தில் கையை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். பெஞ்சின் அடியில் ஈரச் சீவல்களின் மணம் எழும்பி வந்தது.

அந்தக் கிண்ணம் உலர்ந்து வந்தது. ஒரு பக்கம் லேசாக முட்டை வடிவத்துக்குச் சாய்ந்திருந்தது. வெடிக்கவில்லை. தேங்காயெண்ணெய் தேய்த்து வெயிலில் காட்டினால் வேம்பு தேன் நிறத்துக்கு வந்துவிடும். "என்ன நிறம்?" என்று கேட்டார். நான் சொன்னேன். "வெறும் தேனா, மலைத் தேனா?" என்றார். மலைத் தேன் என்றேன். இப்போது அவர் வட்டத்துக்குள் நிறங்களும் மங்கிக்கொண்டுதான் வருகின்றன. டாக்டர் சொன்னபடியேதான் எல்லாம் நடக்கிறது.

போன மாசியில் இருவரும் ஓட்டப்பிடாரம் பக்கம் பஸ் ஏறிப் போனோம். அங்கே தரிசு நிலங்களில் மண்டிக் கிடக்கும் வேலிக்கருவை என்கிற சீமைக்கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போடுகிறார்கள். முள்ளுமரம், நிலத்தைக் கெடுக்கிற மரம் என்று ஊரே வைகிற மரம்தான். ஆனால் அதன் உள்கட்டை கருஞ்சிவப்பாக, கடைவதற்கு அருமையாக இருக்கும் என்று பட்டறைப் பெண் சொல்லியிருந்தாள்.

மூட்டம் போடுகிறவர் மண் பூசிய குவியலைச் சுற்றி வந்துகொண்டிருந்தார். உச்சியிலிருந்து நீலப் புகை நூலாகக் கிளம்பி, காற்றில்லாத வானத்தில் நேரே ஏறியது. இன்னும் மூட்டத்தில் ஏறாத கட்டைகள் ஓரமாக அடுக்கியிருந்தன. எங்கள் தேவையைக் கேட்டதும் அவருக்கு வேடிக்கையாகிவிட்டது.

"கிண்ணமா? இந்தச் சவத்து மரத்துலயா? எடுத்துக்கிடுங்க, எடுத்துக்கிடுங்க. எல்லாம் கரியாப் போறதுதான்."

என் கணவர் அடுக்கின் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தார். ஒவ்வொரு கட்டையாக எடுத்துத் தட்டிக் காதில் வைத்துக் கேட்டார். சிலவற்றை ஒதுக்கினார். ஒன்றை வைத்துக்கொண்டு வெகுநேரம் தட்டினார். கரிமூட்டக்காரர் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அவரும் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு கட்டையை எடுத்துத் தட்டிப் பார்த்தார்.

திரும்பும் பஸ்ஸில் கட்டையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். கண்டக்டர் குனிந்து பார்த்து, "விறகா அண்ணாச்சி?" என்றார்.

"இப்போதைக்கு விறகுதான்" என்றார்.

கொஞ்ச தூரம் போனதும் முழங்கையால் என்னை இடித்தார். "வெளிய என்ன தெரியுது? சொல்லிக்கிட்டே வா."

நான் சொல்லிக்கொண்டு வந்தேன். உளுந்து பிடுங்கின காடு. அதற்கடுத்தது பருத்தி, வெள்ளை வெள்ளையாக வெடித்திருக்கிறது. தூரத்தில் காற்றாலைகள், ஒன்று சுற்றுகிறது, ஒன்று நிற்கிறது. ஒரு பொம்பளையாள் சைக்கிளில் புல்லுக்கட்டு வைத்துத் தள்ளிக்கொண்டு போகிறாள். வெயில் மஞ்சளாக இறங்குகிறது. அவர் தலையை ஜன்னல் கம்பியில் சாய்த்துக் கேட்டுக்கொண்டே வந்தார். அவர் தூங்கிவிட்டது தெரிந்த பிறகும் நான் நிறுத்தவில்லை. கோவில்பட்டி வரும்வரை, ஒவ்வொரு காடாக, மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டே வந்தேன்.